படை இளைப்பாறுகிறது

பழைய ஓவியத்தில் படிந்த அழுக்கைத் துடைக்க எச்சிலைப் போல நல்ல மருந்து கிடையாது ஐயா. குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் தொட்டு, மெல்ல உருட்ட வேண்டும். விலை உயர்ந்த திரவமெல்லாம் அலமாரியில் அழகாக நிற்கும்; கடைசியில் கைகொடுப்பது வாய்தான். அருங்காட்சியகத்தில் எனக்குச் சம்பளம் கொடுப்பதே துப்புவதற்குத்தான் என்று என் மனைவி கேலி செய்வாள். இப்போது அவள் கேலி செய்யும் நிலையில் இல்லை. அது எனக்கும் புரிகிறது.

நீங்கள் அந்தப் பெரிய ஓவியத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். ‘படை இளைப்பாறுகிறது’ என்று பெயர். வரைந்தவர் ஒரு காலத்தில் படையோடு ஊர் ஊராக நடந்தவராம். பல தலைமுறைப் புகை ஏறி, படம் கரிச்சட்டி மாதிரி கறுத்துக் கிடந்தது. கூடாரமும் குதிரையும் மட்டும் மங்கலாகத் தெரியும். அதைச் சுத்தம் செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. நானும் மாதக் கணக்கில் துப்பித் துப்பித் துடைத்தேன்.

துடைக்கத் துடைக்க வரைந்த ஆளின் குசும்பு வெளியே வந்தது. ஒரு சிப்பாய் ஒரு பெண்ணின் கூந்தலைப் பிடித்து இழுக்கிறான். இன்னொருவன் ஒரு கிழவனின் முதுகுக்கு மேல் தடியை ஓங்கியிருக்கிறான். வேறொருவன் செத்துக் கிடப்பவனின் காலிலிருந்து செருப்பைக் கழற்றுகிறான். பின்னால் ஒரு வீடு எரிகிறது. நாலைந்து பேர் அதில் குளிர் காய்கிறார்கள். தளபதியோ கூடார வாசலில் நின்று தன் குதிரையின் பல்லைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அந்தத் தளபதியை மிகவும் பிடித்துப்போயிற்று. அவனவன் வேலையை அவனவன் பார்க்க வேண்டும் என்பதுதான் என்னுடைய கொள்கையும்.

அந்தச் சமயத்தில், ஓவியத்தில் இருக்கும் அதே படைப்பிரிவின் ஆண்டு விழாவை எங்கள் கூடத்திலேயே நடத்துவது என்று முடிவானது. எங்கள் இயக்குநரை நாங்கள் பெரியவர் என்போம். வயதில் என்னைவிடச் சின்னவர். அவர் ஓவியத்தின் முன் நின்று பெருமூச்சு விட்டார்.

“வர்றவங்க எல்லாம் பட்டாளத்துக் குடும்பம். கொஞ்சம் பாத்துச் செய்யுங்க.”

“என்ன செய்யணும் சார்?”

“உங்களுக்குத் தெரியாததா?”

இவ்வளவுதான் அவர் பேசியது. மழையில் நடந்தாலும் நனையாமல் வீடு போய்ச் சேருகிற வித்தை அவருக்குத் தெரியும். நாளைக்கு நீங்கள் விசாரித்தால், சுத்தம் செய்யச் சொன்னேன் என்பார். பொய்யும் இல்லை.

முதலில் சிப்பாய்களைத்தான் மாற்ற நினைத்தேன். முடியவில்லை. ஒவ்வொருவன் முகத்திலும் ஒரு சிரிப்பை வைத்திருந்தார் அந்த ஓவியர். அதைத் தொட எனக்குக் கை வரவில்லை. அப்புறம்தான் சுலபமான வழி புலப்பட்டது. அடிக்கிறவனை மாற்றுவது கஷ்டம். அடி வாங்குகிறவரை எடுத்துவிட்டால் போதும், அடிக்கிறவன் தானாகவே நல்லவனாகிவிடுகிறான்.

அந்தப் பெண்ணின் மேல் புல்தரையைப் பூசினேன். கூந்தலை இழுத்த கை இப்போது தோழனை வா என்று அழைக்கிறது. கிழவனை எடுத்துவிட்டு, தடிக்குக் கீழே ஒரு முளைக்குச்சி நட்டேன். அவன் கூடாரம் அடிக்கிறான். பிணத்தின் மேல் செடிகள் முளைத்தன. செருப்புத் திருடன் குனிந்து பூப் பறிக்கிறான். எரிந்த வீட்டை அந்தி வானமாக்கினேன். குளிர் காய்ந்தவர்கள் அதை ரசிக்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நன்றாகப் பிசைந்தால் மறைக்கலாம் ஐயா.

ஓய்வுபெற்ற படை அதிகாரி ஒருவர் முன்கூட்டியே பார்க்க வந்து, பூப் பறிப்பவன் முன்னால் நின்று கண் கலங்கினார். “எங்க ஆளுங்க மனசே இதுதான்” என்றார். பெரியவர் என் தோளில் தட்டினார். என் வேலைக்கு யாரும் அதுவரை கண் கலங்கியதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

இனி என் மனைவியின் தங்கை. அவளை வேலைக்குச் சிபாரிசு செய்ததே நான்தான். எங்கள் அருங்காட்சியகத்தின் புகைப்படக்காரி. என் கல்யாணத்தின்போது அவளுக்கு முன்பல் விழுந்திருந்தது; எல்லாப் படத்திலும் வாயை இறுக்க மூடிக்கொண்டு நிற்பாள். பல் முளைத்த பிறகு அந்த நல்ல பழக்கம் போய்விட்டது.

விழா மலருக்காக ஓவியத்தைப் படம் எடுக்க வந்தவள், புற ஊதா விளக்கையும் கொண்டுவந்தாள். அந்த வெளிச்சத்தில் பழைய மெருகெண்ணெய்ப் பூச்சு பச்சையாக மின்னும். புதிதாகப் பூசிய இடம் மட்டும் கறுப்பாக நிற்கும்.

“அத்தான், இங்க ஒரு பொம்பளை இருந்திருக்கா.”

“அழுக்கும்மா.”

“அழுக்குக்குக் கை காலெல்லாம் முளைக்குமா? பாருங்க, முடியைப் பிடிச்சு இழுக்கறான். நீங்கதானே மறைச்சது?”

“மேலதான் பூசியிருக்கேன். எப்ப வேணும்னாலும் எடுத்துடலாம்.”

“அப்ப எடுத்துடுங்க.”

“விழா முடியட்டும்.”

“முடியாது அத்தான். விழாவுலயே திரையில போட்டுக் காட்டப் போறேன். அத்தனை காலமா அங்க இருந்தவளைத் தூக்க நீங்க யாரு?”

என் பெயர் நாறிவிடும், வேலை போய்விடும், உன் அக்கா தெருவில் தலை காட்ட முடியாது என்று எவ்வளவோ சொன்னேன். அவள் விளக்கை அணைத்தாள்.

“நீங்களே முந்திக்கிட்டு சொல்லிடுங்க அத்தான். நான் கூட நிக்கறேன். அக்காகிட்டயும் நானே பேசறேன்.”

நல்ல பெண். அதை யார் கேட்டாலும் சொல்வேன்.

ஓவியத்தின் சட்டத்தைப் பூச்சி அரித்திருந்தது. அதனால் படத்தைச் சட்டத்தோடு பூச்சி அறைக்குள் வைத்திருந்தோம். அலமாரி, பல்லக்கு எல்லாம் கொள்கிற பெரிய அறை அது. பொருளை உள்ளே வைத்து, இரும்புக் கதவைத் தாழிட்டு, வெளியிலிருந்து விஷப்புகையைத் திறந்துவிடுவோம். உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. பூச்சிகள் இதுவரை கேட்டதில்லை. சன்னலும் இல்லாததால், ஊதா விளக்கில் படம் எடுக்கத் தோதான இருட்டு அங்கேதான் கிடைக்கும். விழாவுக்கு முந்தின நாள், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், அவள் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“அத்தான், கதவைச் சாத்திக்கறேன். வெளிச்சம் பட்டா கெட்டுடும். யாரும் திறந்துடாம பாத்துக்குங்க.”

பார்த்துக்கொண்டேன். யாரும் திறக்கவில்லை.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. தாழ் போடும் முன் ‘உள்ளே யாராவது இருக்கிறீர்களா’ என்று குரல் கொடுக்க வேண்டும். பதில் வராவிட்டால்தான் புகையைத் திறக்கலாம். விதியை நான் மீறவில்லை. குரல் கொடுத்தேன். பதில் வரவில்லை. கதவு விளிம்பில் தடித்த ரப்பர் உண்டு, என் குரலும் இயல்பாகவே மென்மையானது. சத்தமாகக் கேட்க வேண்டும் என்று விதியில் சொல்லவில்லை. தாழைப் போட்டேன். குழாயைத் திருகினேன்.

தட்டும் சத்தம் கேட்டதா என்கிறீர்கள். பழைய கட்டடம் ஐயா, எங்கேயாவது தச்சு வேலை நடந்துகொண்டே இருக்கும். எதை என்று கவனிப்பது? கை கழுவிவிட்டுச் சாப்பிட்டேன். பசி இருந்தது. மாலையில் என் மனைவி, தங்கை இன்னும் வீடு திரும்பவில்லையே என்று போன் செய்தபோது, வேலை அதிகமாக இருக்கும் என்றேன். அவளைப் பதற வைக்க எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் விழாவுக்கு ஓவியத்தை எடுக்க வந்தவர்கள்தான் கதவைத் திறந்தார்கள். விழா நின்றுபோனது. பெரியவருக்கு என் மேல் ரொம்ப வருத்தம் என்று கேள்விப்பட்டேன்.

தெரிந்துதான் செய்தாயா என்று நீங்கள் சுற்றிச் சுற்றிக் கேட்க வேண்டியதில்லை. தெரிந்துதான் செய்தேன். அவள் உள்ளே இருக்கிறாள், அவளுக்கு மூச்சு வேண்டும், தாழ் என் கையில் இருக்கிறது, எல்லாம் தெரியும். ஆனால் என்னைக் கொலைகாரன் என்று நீங்கள் எழுதும்போது மட்டும் எனக்கு யாரைப் பற்றியோ கேட்பது போல இருக்கிறது. நான் யாரையும் கை நீட்டி ஒரு அடி அடித்ததில்லை. வேண்டுமானால் என் மனைவியைக் கேளுங்கள்.

கதவைத் திறந்த பிறகு உங்கள் ஆள் வந்து அவளை எடுத்த படத்தை மேசை மேல் வைத்திருக்கிறீர்கள். நான் கலங்குவேன் என்று எதிர்பார்த்து வைத்திருப்பீர்கள். சுமாரான படம். அவள் எடுத்திருந்தால் இன்னும் நன்றாக எடுத்திருப்பாள். முகத்தில் குறை இல்லை. கதவை நோக்கித் தூக்கிய கைதான் உறுத்துகிறது. விரல் நகங்களையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கதவை மட்டும் எடுத்துவிட்டுப் பின்னால் கொஞ்சம் வானம் பூசினால், யாரையோ பார்த்துக் கையசைக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். என் தூரிகைகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள் ஐயா. அக்காக்காரி பார்ப்பதற்குள் முடித்துவிடலாம்.