கக்கூஸ் வாசல் மெடல் கடை

...பாத்தீங்களா, மறுபடியும் இடிச்சிருச்சு. ஒவ்வொரு தடவ அந்தக் கதவத் தொறக்கறப்பவும் என் மேசையில ஒரு இடி, மெடலெல்லாம் ஒரு துள்ளு. இந்தக் காசு ஷோ ஹால்ல எழுவது மேசை இருக்கு தம்பி. தங்கக் காசு விக்கிறவனுக்கு வாசலுக்கு நேரா. பழைய நோட்டு விக்கிறவனுக்கு ஜன்னலோரம். பேஸ்பால்காரன் படம் போட்ட மூலை மடங்குன சீட்டு விக்கிறவனுக்குக்கூட சூப் கவுண்டர் பக்கத்துல. எனக்கு? கக்கூஸ் வாசல். இந்தப் பக்கம் ஆம்பளைங்க, அந்தப் பக்கம் பொம்பளைங்க, நடுவுல நானும் அமெரிக்காவோட சிற்பக் கலையும்.

நில்லுங்க, எங்க போறீங்க? வீட்டம்மா உள்ள போயிருக்காங்களா? நீலக் கோட்டு போட்டவங்கதானே, பாத்தேன். அப்ப நேரமாகும். உள்ள ரெண்டே ரெண்டுதான், அதுல ஒண்ணுல தண்ணி நிக்காம ஓடிட்டிருக்கு. டேங்குக்குள்ள ரப்பர் போயிருச்சு, சத்தத்த வச்சே சொல்லுவேன். முப்பத்தெட்டு வருஷம் பிளம்பர். லாயிட் கெசிங்கர்னு இந்த அல்ட்டூனாவுல யார வேணா கேளுங்க. நம்ம கை படாத குழா இந்த ஊர்ல கெடையாது. அதுக்காக மெடல் விக்க வந்த எடத்துலயும் குழா பக்கத்துலயே உக்கார வைக்கணுமா, சொல்லுங்க.

இது என்னன்னு பாக்கறீங்களா? எடுங்க, கையில எடுங்க, கடிக்காது. ஓட்டப்பந்தயத்துல ஜெயிச்சவன் கழுத்துல மாட்டுவாங்களே, அது இல்ல. பட்டாளத்துக்காரன் மார்ல குத்திக்குவானே, அதுவும் இல்ல. ஒரு பாலம் கட்டுனா, ஒரு ஊருக்கு நூறு வயசானா, ஒரு டாக்டர் ரிட்டயர் ஆனா, அத ஞாபகம் வச்சிக்கறதுக்காக ஒரு சிற்பிகிட்ட சொல்லி வெங்கலத்துல அடிச்சு வாங்கறது. மொதல்ல சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு பிளாஸ்டர்ல செய்வாங்க. அப்புறம் அத உள்ளங்கை அளவுக்குக் கொறைச்சு அச்சு எடுப்பாங்க. வெறும் வட்டத் தகடு இல்ல தம்பி இது. இதுல இருக்கற குதிரையோட முட்டியத் தடவிப் பாருங்க. எலும்பு தெரியுதா? அதான் கலை.

காசுக்காரனுக்கு இது புரியாது. பிளாஸ்டிக் பொட்டியில போட்டு சீல் வச்சு, தரம் இவ்வளவுன்னு ஒரு நம்பர் போட்டுத் தர்றாங்க பாருங்க, அந்த நம்பரத்தான் வாங்கறான். உள்ள காசு இருக்கா, பட்டன் இருக்கான்னுகூட பாக்கறதில்ல. காலையில ஒருத்தன் வந்தான், இந்தக் குதிரையப் பாத்துட்டு, 'இதுக்கு நம்பர் என்ன'ங்கறான். ஏன்யா, குதிரைக்கு என்ன நம்பர், அது ரேஸ்லயா ஓடுது? 'நம்பர் இல்லய்யா, இது மெடல்'னேன். மூஞ்சியச் சுளிச்சிக்கிட்டு உள்ள போனான். நம்மகிட்ட வர்றவன்லாம் இப்படித்தான், கதவு பூட்டியிருந்தா மட்டும் நின்னு பேசுவான்.

எங்க விட்டேன்... ஆங், மேசை. மேசை ஒதுக்கறது யாருங்கறீங்க? வென்டல். வென்டல் ஸ்ட்ராஸ்பா. அதோ பாருங்க, நடு ஹால்ல பச்ச ஸ்வெட்டர், தலையில முடியில்ல, கையில அட்டை வச்சிக்கிட்டு கல்யாண வீட்டு மாமன் மாதிரி சுத்திட்டிருக்கானே, அவன்தான். ஐயோ, ஒரேயடியா திரும்பிப் பாக்காதீங்க. ஹைஸ்கூல்ல சரித்திரம் நடத்துனவன். இருவத்திரெண்டு வருஷமா இந்த ஷோவ அவன்தான் நடத்தறான். இன்னிக்கு மூணு மணியோட கடைசி. பொண்ணு கூப்பிட்டுட்டா, செவ்வாக்கிழம அரிசோனாவுக்குக் கெளம்பறான். வீட்ட வித்தாச்சு.

நானும் அவனும் பேசி பத்தொம்பது வருஷம் ஆச்சு.

அதுக்கு முன்னாடி எப்படின்னா, சனிக்கிழமன்னா என் வேன்தான். பின்னாடி குழா, முன்னாடி நானும் அவனும், நடுவுல டோரின் கட்டிக் குடுத்த ஹாம் சாண்ட்விச். டோரின் என் வீட்டுக்காரி. பழைய சாமான் சந்தை, செத்தவங்க வீட்டு ஏலம், சர்ச்சு விற்பனை, ஒண்ணு விடமாட்டோம். மெடலுக்கு எனக்குக் கண்ணு தொறந்து விட்டதே அவன்தான். நான் வெங்கலம்னா வால்வுதான்னு நெனச்சிட்டிருந்த ஆளு. அவன் ஒரு மெடல என் கையில வச்சு, கண்ண மூடச் சொல்லி, 'விரலால பாரு லாயிட்'னான். எந்த வாத்தியானும் எனக்கு அப்படி ஒண்ணு சொல்லிக் குடுத்ததில்ல.

அப்புறம் ஏன் சண்டைங்கறீங்க. கேளுங்க, வீட்டம்மா வர்றதுக்குள்ள முடிச்சிருவேன். ஐரீன் ஹால்வர்சன்னு ஒரு அம்மா. சிற்பி. இந்தப் பக்கத்து ஊருங்களுக்கெல்லாம் மெடல் செஞ்சு குடுத்தது அந்தம்மாதான். செத்துப்போனப்ப யாரும் கண்டுக்கல. வென்டல் அந்தம்மாவுக்கு ஒரு புஸ்தகம் போடணும்னு கெளம்புனான். என்னென்ன மெடல் செஞ்சாங்க, எந்த வருஷம், எத்தன அடிச்சாங்கன்னு. பதினோரு வருஷம் தம்பி. லீவு கெடைச்சா எங்கயாச்சும் ஒரு லைப்ரரியில போயி பழைய பேப்பரத் தின்னுட்டு ஒக்காந்திருப்பான். கடைசியில கணக்கு முடிச்சான், மொத்தம் நாப்பத்தி மூணு.

அதுல ஒண்ணு என்கிட்ட இருந்துச்சு. ஷெல்பி படகுத்துறைக்குப் பாலம் கட்டுனாங்கல்ல, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணுல, அதோட மெடல். துடுப்பு புடிச்ச கெழவன் ஒருத்தன். பாலம் வந்தா இனிமே தன் படகுல யாரு ஏறப்போறான்னு நிக்கிறான். மூஞ்சியப் பாத்தா ஒரு டாலர் குடுத்துட்டு ஏறிப்போலாமான்னு இருக்கும். ரொம்ப கொஞ்சம்தான் அடிச்சிருக்காங்க, வென்டல்கிட்டகூட இல்ல. அவன்கிட்ட இருந்தது அந்தக் காலத்துப் பேப்பர் படம். அதுல ரெண்டு வட்டம் பக்கத்துல பக்கத்துல. ஒண்ணுல கெழவன், ஒண்ணுல வெளக்கு புடிச்ச பொம்பள, பின்னாடி பாலம்.

நான் எங்க மெடல் சேக்கறவங்க கிளப் மீட்டிங்ல எந்திரிச்சு, 'வென்டல், இது ரெண்டு மெடல். நாப்பத்தி மூணு இல்ல, நாப்பத்தி நாலு'ன்னேன். அவன் சிரிச்சான். 'ஒரே மெடலோட ரெண்டு பக்கம்டா அது. வீட்ல போயி உன்னோடதத் திருப்பிப் பாரு'ன்னான். 'பாத்துட்டேன், பின்னாடி மொழுக்குன்னு இருக்கு'ன்னேன். 'அப்படியா, கொண்டா பாப்போம்'னான். 'பேங்க் லாக்கர்ல இருக்கு. ஏன், என்னப் பொய்காரன்ங்கறியா'ன்னு ஏறிட்டேன். நாப்பது பேரு முன்னாடி. உடனே ஒருத்தன் தீர்மானம்ங்கறான், ஒருத்தன் வழிமொழியறான். கையத் தூக்கி ஓட்டு எடுத்தாங்க தம்பி, ஒரு மெடலுக்கு முதுகு இருக்கா இல்லையான்னு. எனக்கு இருவத்தாறு, அவனுக்கு ஒம்போது. புஸ்தகத்துக்குப் பணம் போடறது கிளப்பு, அதனால நாப்பத்தி நாலுன்னு போடணும்னு முடிவாச்சு. வென்டல் எந்திரிச்சான், எழுதுன தாளையெல்லாம் அள்ளுனான், பொட்டியில போட்டான், போயிட்டான். புஸ்தகம் வரவே இல்ல. ஐரீன் அம்மா பேரு இன்னிக்கி இந்த ஹால்ல எத்தன பேருக்குத் தெரியும்? ரெண்டு பேருக்கு.

இருங்க இருங்க... அவன் இந்தப் பக்கம்தான் வர்றான். தலையாட்டுங்க. நான் எதோ வெல சொல்ற மாதிரியும் நீங்க பேரம் பேசற மாதிரியும்... ஆமா தம்பி, இந்தக் குதிரை அறுவது டாலர், உங்களுக்காக அம்பத்தஞ்சு... நல்ல எடை பாருங்க... உள்ள போயிட்டானா? போயிட்டான். மூச்சு விடுங்க. காலையிலேருந்து இது ஆறாவது தடவ. பிராஸ்டேட் வீங்கியிருக்கு, பாவம். நானும் ஒவ்வொரு தடவயும் யாரையாச்சும் புடிச்சிக்கறேன். பத்து மணிக்கு ஒரு பாதிரியார். அப்புறம் ஒரு காசுக்காரன், அவன்கிட்ட வாய் வலிக்கப் பேசுனேன். இப்ப நீங்க.

எதுக்குங்கறீங்களா. தனியா இருந்தா அவன் மூஞ்சியப் பாக்கணும்ல.

தம்பி, நான் அந்த மெடலத் திருப்பிப் பாக்கவே இல்ல. பாக்க முடியாது. ஒட்டியிருந்துச்சு. மெடல் சேக்க ஆரம்பிச்ச புதுசுல ஒரு பலகையில பச்ச வெல்வெட்டு விரிச்சு, பதினேழு மெடல குழா ஒட்டற பசையால அப்பி, பேஸ்மெண்டுல டிவிக்கு மேல மாட்டிட்டேன். முன்பக்கம் போதும்னு நெனச்ச காலம் அது, தப்புன்னு தெரிஞ்சதுலேருந்து வென்டல அந்தப் பக்கமே விட்டதில்ல. வெல்டு வச்சாப்ல நின்னுச்சு. அத எங்க கூட்டத்துல சொன்னா கதையே முடிஞ்சுது. மெடலத் திருடுனவனக்கூட மன்னிச்சிருவாங்க, ஒட்டுனவன மன்னிக்க மாட்டாங்க. பிளம்பர் பய பிளம்பர் புத்தியக் காட்டிட்டான்னு சிரிச்சிருப்பாங்க. கிளப்புல இருந்தது எல்லாம் வாத்தியார், வக்கீல், பல் டாக்டர். அவங்க நடுவுல என்னையும் ஒரு ஆளா உக்கார வச்சது வென்டல். எனக்கு அந்த நாற்காலி போயிரும்னு பயம். வாய்க்கு வந்தத அடிச்சு விட்டேன்.

அடிச்சு விட்டதோட நிக்கல. நாளாக நாளாக நானே நம்பிட்டேன். அந்த வெளக்குப் பொம்பளயத் தேடாத எடமில்ல. பேப்பர்ல விளம்பரம் குடுத்தேன். ஷெல்பியில வீடு வீடா கதவத் தட்டுனேன். ஒரு தடவ மெயின் மாநிலம் வரைக்கும் வேன் ஓட்டிட்டுப் போயி, எவளோ ஒருத்தி காட்டுன சோப்பு டப்பா மூடியப் பாத்துட்டு வந்தேன். டோரின் சொல்லுவா, 'கல்யாணத்துக்கு முன்னாடி என்னக்கூட இப்படித் தேடல'ன்னு.

போன மார்ச்சுல எங்க வீட்டு பேஸ்மெண்டுல, அந்த டிவிக்கு மேல ஓடற குழா வெடிச்சிருச்சு. சிரிங்க, சிரிங்க, ஊரே சிரிச்சுது. பலகை ரெண்டு நாள் தண்ணியில ஊறி, ஏடு ஏடா பிளந்து, படகுக்காரன் தரையில விழுந்துட்டான், மூஞ்சி கீழ. டோரின்தான் எடுத்தா. ஒரு தடவ தொடச்சுப் பாத்துட்டு, 'இந்தப் பக்கமும் நல்லாத்தாங்க இருக்கு'ன்னா. வெளக்கு புடிச்ச பொம்பள. பின்னாடி பாலம். என் டிவிக்கு மேலயே இருந்திருக்கா. நான் தேடிக்கிட்டு மெயினுக்குப் போனப்பவும் அங்கயேதான் இருந்திருக்கா.

போன்ல சொல்லலாம்தான். நாலு தடவ நம்பர் போட்டேன். அவன் 'ஹலோ'ன்னதும் வச்சிட்டேன். நேர்ல சொல்லலாம்னுதான் இன்னிக்கி வந்தேன்... இந்த மேசையா? ம். சொல்லிர்றேன், உங்ககிட்ட என்ன. மேசை கேட்டு எழுதிக் குடுக்கற பாரத்துல 'எந்த எடம் வேணும்'னு ஒரு வரி இருக்கும். நான்தான் 'கழிவறை பக்கம், முட்டி வலி'ன்னு எழுதறேன், பதினெட்டு வருஷமா. ஹால்ல வேற எங்க உக்காந்தாலும் அவன் என்னச் சுத்திக்கிட்டுப் போயிருவான். இந்த வாசலச் சுத்திக்கிட்டுப் போக முடியாதுல்ல.

அட, வந்துட்டாங்களா... வணக்கம்மா. இல்ல, ஒண்ணும் விக்கல, சும்மா பேசிட்டிருந்தோம். தம்பி, இன்னும் ரெண்டே நிமிஷம். அவன் வெளிய வர்ற நேரம். நீங்க பக்கத்துல நின்னாலே போதும், வாயே தொறக்க வேண்டாம்... சூப் தீந்துருமா? சிக்கன் சூப் தீராதும்மா, அண்டா நெறைய வச்சிருக்காங்க... சரி. சரி. போயிட்டு வாங்க. குதிரைய வச்சிட்டுப் போங்க தம்பி, கையிலயே இருக்கு பாருங்க.

...கதவு.

வென்டல்.

வென்டல், நில்லு. ஒரு நிமிஷம். மேசையப் பத்தி இல்ல. மேசை நல்லாத்தான் இருக்கு.

இந்தா. புடி. ...கண்ணாடிய எடுத்துப் போட்டுக்கோ. பாத்தியா? கெழவன். இப்ப திருப்பு.

நாப்பத்தி மூணுடா. நீ சொன்னதுதான். நான் திருப்பிப் பாக்கவே இல்ல, பொய் சொன்னேன். லாக்கர்லயும் இல்ல. பலகையில ஒட்டி வச்சிருந்தேன்... ஆமா, ஒட்டித்தான். குழா பசை. வெளக்குப் பொம்பள பாவாடையில மஞ்சளா இருக்கு பாரு, அதான். வெல்வெட்டு பிசிறும் இருக்கும். சுரண்டி எடுத்திருக்கலாம், எடுக்கல. நீ பாக்கணும். எல்லார்கிட்டயும் சொல்லு, மைக்ல வேணும்னாலும் சொல்லு, மூணு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு. நானே வந்து நிக்கிறேன். அந்தத் தாளுப் பொட்டிய அரிசோனாவுக்கு எடுத்துட்டுப் போறியா, எரிச்சிட்டியா, தெரியாது. இருந்தா போடுடா அந்தப் புஸ்தகத்த. கிளப்பு வேண்டாம், செலவு என்னோடது.

எத்தன தடவடா திருப்புவ? திட்டு. பத்தொம்பது வருஷத்துக்குச் சேத்து வச்சுத் திட்டு...

எங்க போற? மறுபடியும் உள்ளயா? இப்பதானடா போயிட்டு வந்த... சரி, சரி, போ. மூக்கத் தொடச்சிட்டு வா. யாரும் பாக்கல. மெடல் உன்கிட்டயே இருக்கட்டும். நான் கதவுகிட்ட நிக்கிறேன், ஒருத்தனையும் உள்ள விடமாட்டேன்.