ஹமாதியை உட்கார வைத்த இடம்

பாலைவனத்துக்குப் போக நவம்பர்தான் சரியான மாதம். வெயில் உறைக்காது, ஈத்தொல்லை இருக்காது. ஸ்ஃபாக்ஸ் நகரத்து ஓய்வாசிரியர் சங்கத்தில் அதைச் சொன்னதே நான்தான். டூஸ் ஊர் வரை பஸ், அங்கிருந்து கூடார முகாம், மறுநாள் ரோமானியர் விட்டுப்போன பாழடைந்த கோட்டைக்கு ஒட்டகத்தில் போவது என்று ஏற்பாடு. என் கணவர் ஹமாதியையும் கூட்டி வரலாமா என்று கேட்டேன். தாராளமாக, அவருக்கும் ஒரு மாறுதல் வேண்டாமா என்றார்கள்.

அவர் காலமெல்லாம் புவியியல் நடத்தியவர். கடைசியில் எங்கள் வீட்டிலேயே கழிப்பறை எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றார். என் விரலை முறித்தது, அடுப்பில் கேஸைத் திறந்துவிட்டது எதுவும் அவர் குற்றமில்லை. நோய். லியோனில் இருக்கும் மகனிடம், இனி என்னால் முடியாது என்று போனில் அழுதேன்.

"கொஞ்சம் பொறுத்துக்கோம்மா, கோடை லீவுல வந்து பேசிக்கலாம்" என்றான். கோடை வந்தது, போனது. ஒருநாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மொட்டைமாடி விளிம்பு வரை போனேன். பக்கத்து வீட்டுக்காரி துணி உலர்த்த வந்ததால் இருவரும் இறங்கிவிட்டோம்.

ஒட்டகக்காரர் மபரூக் நல்ல மனிதர். "வாத்தியாரே, கெட்டியா பிடிச்சுக்கங்க. இவன் பேரு மந்திரி. எந்திரிக்கும்போது யாரையும் மதிக்க மாட்டான்" என்றார். ஹமாதி சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கோட்டையில் மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அவரைப் படியேற்றி, பின்பக்கத்தில் கூரை விழுந்த ஓர் அறைக்குக் கூட்டிப் போனேன். காற்று படாத சுவரோரம் உட்கார வைத்தேன். கம்பளி அங்கியைப் போர்த்திவிட்டு, மடியில் ரொட்டியும் பேரீச்சம்பழமும் வைத்தேன். மணிக்கட்டில் அவர் பெயரும் என் போன் நம்பரும் எழுதிய பட்டை இருந்தது. உறுத்துமே என்று கழற்றிக்கொண்டேன்.

"இங்கயே இருங்க. டீ கொண்டு வரேன்."

திரும்பும்போது பாதிப் பேர் முகாமிலிருந்து வந்த ஜீப்பில், பாதிப் பேர் ஒட்டகத்தில். வாத்தியார் எங்கே அக்கா என்று மபரூக் கேட்டார். இடுப்பு வலியாம், ஜீப்பில் வருகிறார் என்றேன். ஜீப் டிரைவரிடம், ஒட்டகத்தை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார். சிநேகிதி நயிமா நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தாள்.

முகாமில், அசந்து தூங்குகிறார் என்று சொல்லி அவருக்கான கூஸ்கூஸைக் கூடாரத்துக்கு எடுத்துப் போனேன். பசித்தது, நானே சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கினேன்.

காலையில், ராத்திரி எழுந்து எங்கோ போய்விட்டார் என்று சொன்னேன். போலீசும் ஊராரும் முகாமைச் சுற்றி மணலைச் சலித்தார்கள். மபரூக், ஒட்டகம் சோர்ந்து படுக்கும் வரை அலைந்துவிட்டு வந்து, "என்னை மன்னிச்சிடுங்க அக்கா" என்று அழுதார். அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். கோட்டையில் தேட யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. ஒவ்வொரு நாளும் தோன்றியது. கடைசியில் ஓர் ஆட்டுக்காரர் பார்த்தபோது அதே சுவரோரம்தான் உட்கார்ந்திருந்தார் என்று விசாரணையில் நீங்கள்தான் சொன்னீர்கள்.

ஹமாதிக்கு ஆளே அடையாளம் தெரியாது என்று உங்களிடம் சொல்லும்படி என் வக்கீல் சொல்லியிருக்கிறார். பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் அந்த இடிந்த படிகளில் நான் இறங்கும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"மொன்ஜியா, பாத்து இறங்கு. கல்லு வழுக்கும்."

என் பெயர் அவர் வாயில் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

பார்த்துத்தான் இறங்கினேன்.