தம்பி என் காலைப் பார்த்து வாசித்தான்

ஷூ போட்டுக்கொண்டு எனக்கு வாசிக்க வராது, சார். மேடை ஏறியதும் முதல் வேலையாக வலது கால் ஷூவைக் கழற்றி ஸ்பீக்கருக்குப் பின்னால் வைத்துவிடுவேன். பாதம் தரையில் பட வேண்டும். விரல் கிடாரில் இருந்தாலும் பாட்டு எனக்குக் குதிகாலில்தான் ஓடும். சிலர் வாசிக்கும்போது தலையை ஆட்டுவார்கள். எனக்குக் கால்.

எங்கள் குழுவைப் பற்றி விசாரித்திருப்பீர்கள். பாடுகிற ஒரு அம்மா, கீபோர்டுக்காரர், பேஸ் கிடாருக்கு நான், டிரம்ஸுக்கு என் தம்பி. ஓட்டல் விருந்து, கம்பெனி விழா என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவோம். தம்பியை நான்தான் ஆளாக்கினேன். அப்பா அம்மா இல்லாத வீடு. அவனுக்கு டிரம்ஸ் வாங்கிக் கொடுத்ததும் நான், பெண் பார்த்துக் கட்டி வைத்ததும் நான். இதை அவனே எல்லோரிடமும் சொல்வான். வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள். வாயால் கேட்டால் அவனுக்குப் புரியாது, எழுதித்தான் காட்ட வேண்டும்.

அவன் கெட்டிக்காரன். எனக்கு அதில் பொறாமை என்று அவன் பெண்டாட்டி சொல்லியிருப்பாள். அப்படியெல்லாம் இல்லை. போன வருஷம் ஒரு ஸ்டூடியோவில் எங்களுக்கு ஒலிப்பதிவு இருந்தது. நான் கால் தட்டுகிற சத்தம் மைக்கில் விழுகிறது என்று பாதியில் நிறுத்தினார்கள். மறுபடி வாசித்தோம், மறுபடி நிறுத்தினார்கள். என் கால் என் பேச்சைக் கேட்காது, சார். தம்பி எழுந்து வந்தான். சோபாவில் கிடந்த குஷனை எடுத்து என் பாதத்துக்கு அடியில் செருகினான்.

"அண்ணே, தாளம் போடறது என் வேலை. நீ கம்பியை மட்டும் பாத்துக்க, போதும்."

கீபோர்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "தம்பி, அப்படியே அந்தக் காலையும் கழட்டி வெளிய வெச்சிட்டு வந்துடு" என்றார். பாடுகிற அம்மாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். குஷன்மேல் காலை வைத்துக்கொண்டே அன்றைக்கு முழுவதும் வாசித்தேன்.

அதற்குப் பிறகுதான் பெரிய இசைக்குழு ஒன்றிலிருந்து அவனுக்கு அழைப்பு வந்தது. நாடு நாடாகப் போகிற குழு. அவனை மட்டும்தான் கேட்டார்கள். வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "உன்னையும் சேத்துக்கச் சொல்லிக் கேட்டேண்ணே. அங்க எல்லாரும் காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டு, அதுல வர்ற தாளத்துக்குத்தான் வாசிப்பாங்களாம். காலெல்லாம் ஒத்து வராதாம்." சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. பாசக்காரன்தான். அதை நான் மறுக்கவில்லை.

கிளம்புவதற்கு முன்னால் அவன் காதில் கோளாறு வந்தது. அது தானாக வந்த வியாதி. என் கை அதில் இல்லை. இதை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் இடது காதில் இரைச்சல் என்றான். பிறகு பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறது என்றான். அவன் பெண்டாட்டி கைக்குழந்தையோடு தாய்வீட்டில் இருந்தாள். "அவகிட்ட இப்போ சொல்ல வேணாம்ணே, பயந்துடுவா" என்றான். நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே ஒரு கண்ணாடி அறைக்குள் அவனை உட்கார வைத்துச் சோதித்தார்கள். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். நானும் டாக்டரும் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பல தடவை அவன் தூக்கவில்லை. எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"உடம்பே காதைத் தாக்குற வியாதி இது" என்றார் டாக்டர். "விட்டா இன்னொரு காதுக்கும் போயிடும். இன்னிக்கே மாத்திரை ஆரம்பிச்சிடுங்க, காப்பாத்திடலாம். தள்ளிப் போட்டா போனது போனதுதான். அவர் மனசு உடைஞ்சிடாம நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லுங்க."

பக்குவமாகத்தான் சொன்னேன். "நரம்புல சத்து இல்லையாம்டா. மாத்திரை போட்டுக்கிட்டு ஓய்வா இருந்தா தானா சரியாயிடுமாம்." அவன் முகத்தில் உயிர் வந்தது. அந்தப் பயலை அழ வைக்கவா சொல்கிறீர்கள்? போகிற வழியில் மருந்துக்கடையில் நானே மாத்திரை வாங்கினேன். வேளை தவறாமல் என் கையால் கொடுத்தேன். தண்ணீர்கூட நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுபடி வரச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டபோது, வேறு இடத்தில் காட்டுகிறோம் என்று சொல்லிவிட்டேன்.

பெரிய குழுவில் அவனுக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்கள். தம்பி எங்களோடு வாசித்தான். அப்போது வலது காதிலும் இரைச்சல் ஆரம்பித்திருந்தது. "டாக்டரை இன்னொரு தடவை பாக்கலாமாண்ணே?" என்று கேட்டான். இரைச்சல் இருந்தாலும் அந்தக் காது அப்போது நன்றாகத்தான் கேட்டது. "குணமாகறப்ப அப்படித்தான் இருக்குமாம். அவசரப்படாதே" என்றேன். அவன் தலையாட்டினான்.

சில வாரம் கழித்து ஒரு கம்பெனி விழா. நடுப் பாட்டில் அவன் தடுமாறினான். கீபோர்டுக்காரர் முறைத்தார். தம்பி சுற்றுமுற்றும் பார்த்தான், நீச்சல் தெரியாதவன் கரையைத் தேடுகிற மாதிரி. அப்புறம் அவன் கண் கீழே இறங்கி என் பாதத்தில் வந்து நின்றது. கை சரியாகிவிட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது, சார். பாட்டு முடிகிறவரை அவன் நிமிரவே இல்லை.

அன்றிலிருந்து மேடையில் என் கால் அவனுக்குத் தெரிகிற மாதிரி நாற்காலியைப் போட்டுக்கொள்வான். "நல்லாத் தூக்கித் தட்டுண்ணே, தெரிய மாட்டேங்குது" என்பான். யாரிடமும் சொல்லிவிடாதே என்று கெஞ்சுவான். நான் சொல்லவில்லை. ஒரு நாள் சோதித்துப் பார்க்கலாமே என்று காலைக் கொஞ்சம் வேகமாகத் தட்டினேன். அவனும் வேகமாக வாசித்தான். மெதுவாக்கினேன், அவனும் மெதுவாக்கினான். பாடுகிற அம்மா மூச்சு வாங்கத் திரும்பி அவனைத்தான் முறைத்தார். என்னை யார் பார்க்கப் போகிறார்கள்? அவன் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. அதற்குப் பிறகு இரண்டொரு தடவைதான் அப்படிச் செய்தேன்.

அவன் பெண்டாட்டி திரும்பி வந்தாள். குழந்தை தொட்டிலில் வீறிட்டு அழ, இவன் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தானாம். மறுநாள் காலையில் அவனை இழுத்துக்கொண்டு அதே டாக்டரிடம் போயிருக்கிறாள். சாயங்காலம் இரண்டு பேரும் நேராக ஒத்திகை அறைக்கு வந்தார்கள். நான் மட்டும் இருந்தேன், கம்பி மாற்றிக்கொண்டிருந்தேன்.

"மாமா, டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரையா நீங்க இவருக்குக் குடுத்தீங்க?" என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"இல்லம்மா" என்றேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

தம்பிக்கு அது கேட்கவில்லை. என் முன்னால் வந்து நின்றான். காது போனவர்களுக்குக் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று தெரியாது. அந்தச் சின்ன அறையில் கத்தினான். "என்ன குடுத்தே?"

"சத்து மாத்திரை."

அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். "என்ன?"

மறுபடி சொன்னேன். புரியவில்லை. உதட்டை நன்றாகத் திறந்து, குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பது போல ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். சத்து மாத்திரை. டாக்டர் சொன்னதை வாங்கவே இல்லை. காது போய்விடும் என்று தெரியும். இரண்டும் போய்விடும் என்றும் தெரியும். நீ போகக் கூடாது என்றுதான். கடைசிச் சொல் வரை அவன் கண்ணெடுக்காமல் பார்த்தான். இப்போது உங்களிடம் சொல்வதும் அதேதான், சார், எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

அவன் என்னை அடிக்கவில்லை. பெண்டாட்டி தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கித் தெருவுக்குப் போனான். நான் ஜன்னலில் நின்று அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் திரும்பவில்லை. காது கேட்காதவன் திரும்பாததற்குக் கோபம் என்று அர்த்தம் இல்லை, சார்.