சவரியம்மா ஊத்துன தண்ணி

ஏனுங்கக்கா, கல்லுல எழுதியிருந்ததப் படிக்க முடிஞ்சுதுங்களா, இல்ல எழுத்தெல்லாம் தேஞ்சு போயிருக்குதா? பேரு மட்டுமா. அதுவே பெருசுங்க. போன மழைக்கு ஓரத்துல இருந்த கல்லறையெல்லாம் சரிஞ்சு தேயிலைக்குள்ள போயிருச்சு. உங்க பூட்டன் முன்வரிசையில படுத்திருக்கறதால தப்பிச்சாரு. உக்காருங்க. அந்த ஸ்டூலு வேண்டாம், ஆடும். கட்டில்ல உக்காந்து, சாக்ஸைக் கழட்டிப் பாத்துருங்க. கல்லறைப் புல்லுல அட்டை கெடக்கும். இருக்குதா? புடிச்சு இழுக்காதீங்க, உப்பு வச்சா தானா உழுந்துரும். ஜெனிஸு, அந்த உப்பு டப்பாவக் குடு சாமி. நமக்கு எது வேணுமோ அது எப்பவும் இவ கையிலதான் இருக்கும்.

ஆமாங்க, எம்பொண்ணு. ஒன்றரை வயசாகுது. பல்லு வந்துருச்சு, நடக்கறா, என்னையவே பேரு சொல்லிக் கூப்பிடறா. ஜூடித்து, ஜூடித்துன்னு. அவங்க அப்பா கூப்பிடறதக் கேட்டுப் பழகிட்டா.

இல்லீங்க, ஞானஸ்நானம் இன்னும் குடுக்கல. பாத்தீங்களா, உங்க மொகமே மாறிப்போச்சு. எல்லாரும் அப்படித்தான் பாப்பாங்க. வர ஞாயித்துக்கிழமைன்னு ஃபாதர் சொல்லியிருக்காரு. இது மூணாவது ஞாயித்துக்கிழமைங்க. மொத ரெண்டும் நடக்கல. புள்ளைய ஏந்தி நிக்கறதுக்கு ஞானத்தாய் கெடைக்கல, அதுதான் விஷயம். இப்படியே போனா இவளே நடந்து போயித் தொட்டிக்கு முன்னால தலைய நீட்டிக்குவா. ஃபாதருக்கும் குனியற வேலை மிச்சம்.

சிரிக்கறேன்தான். சிரிக்காம என்ன பண்றது? மொத தடவை எங்கூடக் கொழுந்து பறிக்கற ஸ்டெபி நிக்கறேன்னா. அவளும் அவ வீட்டுக்காரர் டக்ளஸும். கோத்தகிரிக்குப் போயிப் புள்ளைக்கு வெள்ளைக் கவுனெல்லாம் எடுத்துட்டு வந்துட்டா. சனிக்கிழமை சாயங்காலம் டக்ளஸ் அண்ணன் மட்டும் கவுனைக் கொண்டாந்து குடுத்துட்டு, அவளுக்குத் தலைவலிம்மான்னாரு. அவரு மூஞ்சியப் பாத்தா அவருக்குத்தான் தலைவலி மாதிரி இருந்துச்சு. சரி நீங்களாவது நில்லுங்கண்ணான்னேன். எங்களுக்கும் புள்ளைக இருக்குதும்மான்னாரு. ரெண்டாவது தடவை சொன்னவங்க தலைவலின்னு கூடச் சொல்லல. போனை எடுக்கவே இல்ல.

ஏன்னா கேக்கறீங்க? சவரியம்மா ஊட்டுப் புள்ளைன்னுதான். உங்களுக்கு அந்தப் பேரு தெரியாதுங்களா. டீயக் குடிங்க, ஆறிரும். சொல்றேன். பஸ்ஸு வர இன்னும் நேரமிருக்கு.

நான் இந்த ஊருக்காரி இல்லீங்க, சோலூர்ப் பக்கம். எங்கப்பா கேரட்டு போடுவாரு. மாப்பிள்ளை பாக்கறப்போ, ஃபேக்டரியில வேலை, பேரு பிரைட்டன், குடிக்க மாட்டாரு, வேதக்காரங்க, அவ்வளவுதான் விசாரிச்சாங்க. உங்க அம்மிச்சியோட அம்மிச்சி சூனியக்காரியாங்கன்னு யாருங்க பொண்ணு குடுக்கற எடத்துல கேப்பாங்க?

வந்த புதுசுல பைப்படியிலதான் மொத மொத கவனிச்சேன். நான் குடத்த எடுத்ததும், அடுத்து நிக்கறவங்க ஒரு சொம்புத் தண்ணியக் கீழ விட்டுட்டுத்தான் அவங்க குடத்த வைப்பாங்க. தண்ணி வரதே கொஞ்ச நேரம். ஏனுங்க இப்படின்னா, பைப்புல மண்ணு வருதும்மாங்கறாங்க. எனக்கு முன்னால புடிச்சவங்களுக்கு வராத மண்ணு, எனக்குப் பின்னால மட்டும் வருது. கோயில்லயும் அதே கதைதான். நான்தான் கோயில் பெருக்கறேன், தொடைக்கறேன், மெழுகுத்திரி சொரண்டறேன். வாசல்ல இருக்கற தீர்த்தத் தொட்டிக்குத் தண்ணி ஊத்த மட்டும் வேற ஆளு. யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க. கல்யாணம் காச்சின்னா பத்திரிகை வெப்பாங்க, பந்தியில பக்கத்துலயே உக்காருவாங்க. தண்ணின்னா மட்டும் ஒதுங்கிக்குவாங்க.

எங்கத்தைகிட்டக் கேட்டேன். அவங்க வழியில வந்த சொந்தந்தான சவரியம்மா. மொதல்ல பேச்ச மாத்திட்டாங்க. அப்புறம் ஒரு நாள் கொழுந்த எடை போட்டுட்டு வரப்போ, பாதையில நின்னுட்டுச் சொன்னாங்க.

வெள்ளக்காரன் காலங்க. சவரியம்மா இதே எஸ்டேட்ல கொழுந்து பறிச்சவ. சின்ன வயசுதான், என் வயசு வச்சுக்கங்க. இடுப்புல ஒரு பொட்டப்புள்ள. அப்போ ஒரு கொள்ளைக்காய்ச்சல் வந்துச்சாம். எஸ்டேட் லைன் வீடுகள்ல, லைன் லைனா சனம் படுத்துருச்சு. இவ புருஷனும் அதுலதான் போனாரு. பெரியவங்களாவது முனகுவாங்க, கைப்புள்ளைக சத்தமே இல்லாமப் போகுங்க. ஃபாதர் மேல ஊட்டியில இருந்து குதிரையில வரணும். மழை புடிச்சா மாசக்கணக்குல வர மாட்டாரு. அவருக்குப் பதிலா இங்க ஒரு உபதேசியார் இருந்தாரு. செபம் சொல்லிக் குடுக்கறது, சாவுக்கு வந்து நிக்கறது எல்லாம் அவரு வேலை. நம்ம கோயில்ல உங்களுக்கே தெரியுமில்ல, புள்ள சாகக் கெடந்தா ஃபாதருக்குன்னு காத்திருக்க வேண்டாம். ஞானஸ்நானம் இல்லாமப் போயிரக் கூடாதுன்னு, பக்கத்துல இருக்கற யாரு வேணா நெத்தியில தண்ணி ஊத்தி, பிதா சுதன் பரிசுத்த ஆவி பேரச் சொல்லிக் குடுத்துரலாம். ஃபாதர் இல்லாத எடத்துல உபதேசியார்தான் போகோணும்.

அவருக்குக் காய்ச்சல்னா பயம். இருக்காதா பின்ன? அவருக்கும் பொண்டாட்டி புள்ளைக இருந்துச்சு. சன்னலத் தொறக்காம உள்ளயே இருந்துக்கிட்டாரு. சவரியம்மாவக் கூப்பிட்டு வெளிய நிக்க வச்சு, சன்னல் சந்து வழியா அந்த வார்த்தையச் சொல்லிக் குடுத்தாரு. நீ போயி ஊத்தும்மா, உனக்குப் புண்ணியம்னாரு. புருஷனைப் பறிகுடுத்தவ, இனி என்ன வரப்போகுதுன்னு கெளம்பிட்டா.

இப்போ நீங்களே யோசிச்சுப் பாருங்க. சாகப் போற புள்ளைக்குத்தான ஊத்தறா. ஊத்துன புள்ள சாகத்தான செய்யும். இது பாக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்? சனம் வேதத்துக்கு வந்தே கொஞ்ச வருஷம்தான். ஞானஸ்நானம்னா ஃபாதர் அங்கி போட்டுக்கிட்டு, மணியடிச்சு, கோயில்ல குடுக்கறதுன்னுதான் அவங்களுக்குப் பழக்கம். இவ சொம்போட வருவா, நெத்தியில ஊத்துவா, வாய் முணுமுணுக்கும், அன்னைக்கே புள்ள போயிரும். மொதல்ல கூப்பிட்டவங்க அப்புறம் கதவச் சாத்த ஆரம்பிச்சாங்க. அவ நிக்கல. கதவத் தட்டித் தட்டிப் போனா. எங்கத்தை அதச் சொல்றப்போ, அங்கதான் அவளுக்குப் புத்தியில்லன்னாங்க.

அதுக்குள்ள அவ புள்ளைக்கே காய்ச்சல் வந்துச்சு. கண்ணு சொருகிருச்சு. அதுக்கும் ஊத்துனா. அது பொழச்சுக்கிச்சு.

ஆமாங்க, அந்தப் புள்ளதான் எங்கத்தையோட அம்மிச்சி, அவங்க அம்மாவோட அம்மா. அது பொழச்சதாலதான் எங்கத்தை, என் வீட்டுக்காரரு, இதோ இவ எல்லாரும் இருக்கறோம். ஊருக்கு அதுவே போதுமா இருந்துச்சு. ஊர்ப்புள்ளைகளை வாரிக்குடுத்துட்டுத் தன் புள்ளைய வாங்கிட்டா பாருன்னுட்டாங்க.

கீழ ஆஸ்பத்திரி பக்கத்துல ஒரு வெத்தெடம் பாத்தீங்களே, அதுதான் அப்போ பெரட்டுக்களம், காலையில ஆளெடுக்கற எடம். அங்க நிறுத்தி துரை விசாரிச்சாராம். என்னத்தச் சொல்லி ஊத்துனன்னு கேட்டாரு. இவ அந்த வார்த்தைய அப்படியே சத்தமாச் சொன்னா. துரைக்குத் தமிழ் அரைகுறை. உபதேசியாரக் கூப்பிட்டு, இது உங்க கோயில் செபமா, இவளுக்கு நீ சொல்லிக் குடுத்தியான்னு கேட்டாரு. சுத்தியும் புள்ளையப் பறிகுடுத்த சனம் நிக்குது. ஆமான்னு சொன்னா அடுத்து அவரத்தான் புடிப்பாங்க. ஏன் நீயே போகலன்னு ஃபாதரும் கேப்பாரு. எனக்குத் தெரியாதுங்க துரைன்னுட்டாரு.

அவ்வளவுதான். துரை லைன விட்டுத் தொரத்துன்னுட்டுப் போயிட்டாரு. அவரு தலை மறைஞ்சதும், மந்திரம் சொல்ற வாயின்னு கல்லெடுத்து முன்பல்லைத் தட்டிட்டாங்க. பல்லு போயிட்டா மந்திரம் பலிக்காதாம். அதுக்கப்புறம் ஓடைக்குப் பக்கத்துல குடிசை போட்டு, வெறகு பொறுக்கித்தான் அந்தப் புள்ளைய வளத்தா. செத்ததும் கல்லறைச் சுவத்துக்கு வெளிய பொதைச்சாங்க. நீங்க உள்ள போறப்போ பேக்கை இறக்கி வச்சீங்களே, ஒரு மேடு. அதுதான். ஐயோ, அதுக்கென்னங்க, உங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு சிலுவைகூட இல்லயே.

எனக்கு இதுலயெல்லாம் நம்பிக்கை கெடையாதுங்க. பள்ளிக்கூடத்துல கிருமின்னா என்னன்னு படிச்சிருக்கேன். பைப்படியில அவங்க தண்ணி விடறப்போ, அக்கா இன்னும் கொஞ்சம் விடுங்க, என் சூனியம் போகலன்னு நானே கிண்டல் பண்ணுவேன். அப்படி இருந்தவதான்.

போன மாசம் இவளுக்குக் காய்ச்சல் வந்து வலிப்பாயிருச்சு. ஜீப்புல தூக்கிப் போட்டுக்கிட்டுக் கோத்தகிரிக்குப் போறோம், பாதையில மரம் சாஞ்சு கெடக்குது. மத்தியானந்தான், ஆனா மழை இருட்டு. ஆளுங்க வெட்டிட்டு இருக்காங்க. புள்ளைக்குக் கண்ணு மேல போயிருச்சு, ஒதடு நீலமாப் போச்சு. என் கையில தண்ணி பாட்டிலு. ஞானஸ்நானம் குடுக்காத புள்ள. வார்த்தை எனக்குத் தெரியும். எங்கத்தை கண்ணால அந்தப் பாட்டிலயே பாக்கறாங்க. ஊத்துன்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. நான் மூடியத் தொறந்துட்டேங்க. தொறந்துட்டு, ஊத்த முடியல. ஊத்துனாப் போயிருவாளோன்னு இருந்துச்சு. என் வீட்டுக்காரரு அந்தப் பாட்டிலப் புடுங்கி வெளிய எறிஞ்சுட்டாரு. அந்த ஊட்டுல பொறந்தவரு. நாங்க மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கல. மரத்த வெட்டி வழி விட்டாங்க, ஆஸ்பத்திரியில ஊசி போட்டாங்க, பொழச்சுக்கிட்டா.

அன்னைலிருந்து எனக்கு ஸ்டெபி மேல கோவமே வரதில்லீங்க. நானே பயந்துட்டேன், அவளுக்கென்ன?

சோலூர்ல குடுக்கலாம். எங்கண்ணி வந்து நிப்பா. ஆனா நாளைக்கு இவ இதே லைன்ல வெளையாடணும், இதே பைப்புல தண்ணி புடிக்கணும். வெளியூர்ல போயி ஊத்திட்டு வந்தா, பாரு, ஒளிச்சு ஊத்திருக்காங்கன்னு அது ஒரு கதையாயிரும். இந்தக் கோயில்ல, இந்தச் சனம் பாக்க, இந்தத் தொட்டித் தண்ணிய ஊத்தோணும். பல்லு தட்டுனவங்க பேரப்புள்ளைகளும் பாக்கோணும், எங்க ஊட்டு ஆளுங்களும் பாக்கோணும்.

இல்லீங்க, ஃபாதர் என்னைய அனுப்பல. நீங்க போன் பண்ணுனப்போ நான் அவரு ரூமைப் பெருக்கிட்டு இருந்தேன். பேரச் சொல்லி, இந்தக் கல்லறை இருக்குதான்னு கேட்டீங்களே, அவரு அதத் திருப்பிச் சொன்னது காதுல உழுந்துச்சு. ஃபாதர் புதுசு, அவருக்குத் தெரியல. நான் காட்டறேன் ஃபாதர்னேன். அந்தக் கல்ல வாரா வாரம் நான்தான தொடைக்கறேன்.

உங்க ஊட்ல உங்க பூட்டன மலையில பள்ளிக்கூடம் வச்ச வாத்தியாருன்னுதான சொல்லுவாங்க? வச்சிருந்தாருங்க, பொய்யில்ல. இங்க அவர உபதேசியார்னுதான் சொல்லுவாங்க.

உக்காருங்கக்கா. எந்திரிக்காதீங்க, கால்ல ரத்தம் இன்னும் நிக்கல. உங்களத் திட்டறதுக்குக் கூட்டிட்டு வரல. எங்கத்தை வேணா திட்டுவாங்க, அதான் நீங்க வந்ததும் உள்ள போயிப் படுத்துக்கிட்டாங்க. நீங்க அப்போ பொறக்கவே இல்ல. அவரும் பயந்தாரு, ஜீப்புல நானுந்தான் பயந்தேன். ஆனா அன்னைக்கு அவரு தெரியாதுன்னு சொன்ன அதே வார்த்தைய ஃபாதர் எம்பொண்ணு தலையில சொல்றப்போ, அவரு ஊட்டு ஆளு ஒருத்தர் அவளப் புடிச்சுக்கிட்டு நின்னு பாத்தாங்கன்னா, பைப்படியில யாரும் தண்ணியக் கீழ விட மாட்டாங்கன்னு எனக்கு ஒரு நெனப்பு. உங்களுக்கும் புள்ளைக இருக்கும், பயமா இருந்தா இப்பவே சொல்லிருங்க, தலைவலின்னு மட்டும் சொல்லாதீங்க. நாளன்னிக்குத்தான் ஞாயித்துக்கிழமை. அது வரைக்கும் இந்த ஊட்லயே இருந்துட்டு, எம்பொண்ண ஏந்திக்கறீங்களாக்கா?