எட்டாம் நம்பர் கால், பத்தாம் நம்பர் ஃபின்

செருப்பு நம்பரைச் சொல்லி, தண்ணீரில் உதைத்துப் போகக் காலில் மாட்டுகிற ஃபின் வாங்குவதுதான் எல்லோரும் செய்கிற முதல் தப்பு, மேடம். உங்கள் மேஜையில் இருக்கிற இந்த ஒற்றை ஃபின்னைப் பற்றி ஒரு வாரமாக யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். நீங்கள்தான் கேட்டீர்கள். அதனால் உங்களிடம் முழுசாகச் சொல்வதுதான் மரியாதை.

பழவேற்காட்டுக் கால் தனி ரகம். சேற்றில் கால் ஊன்றி இறால் தடவிப் பழகிய கால். விரல்கள் விசிறி மாதிரி விரிந்திருக்கும், குதிகால் மட்டும் ஒல்லி. எட்டாம் நம்பர் ஃபின் விரலைக் கடிக்கும், பத்தாம் நம்பர் சுகமாக இருக்கும். கரையில் நடந்து பார்த்தாலும் சுகம், ஏரியின் தேங்கின தண்ணீரில் அடித்துப் பார்த்தாலும் சுகம். முகத்துவாரத்து இழுப்பில் வேகமாக நாலு உதை உதைத்தால் குதிகால் வெளியே வந்துவிடும். நம்ம ஆட்கள் உள்ளே ரப்பர் பூட்ஸ் மாட்டி, பின்னால் பட்டை வைத்து இறுக்குகிற மாதிரிதான் வாங்கணும். இது எனக்குத் தெரியும். சிவசங்கருக்குத் தெரியாது.

சிவசங்கர், என் சித்தி மகள் ருக்குவின் பையன். எங்கள் கோட்டைக்குப்பத்தில் படகு கவிழ்ந்து எஞ்சின் மூழ்கினால், இருபது வருஷமாக, முதலில் தேடுவது இந்தச் சிங்காரத்தைத்தான். சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுப்பிக்கொண்டு போவார்கள். போன வருஷம் இவன் பாண்டிச்சேரி போய் சிலிண்டர் கட்டி மூழ்கப் படித்துவிட்டு வந்தான். அதோடு என் போன் அடிப்பது நின்றது. டீக்கடையில் படகுக்கார ஆதிநாராயணன் என்னைப் பார்த்து, "இன்னா சிங்காரம், ரிட்டயர் ஆயிட்டியா"ன்னு கேட்டார். நானும் சிரித்தேன்.

நல்ல பையன் மேடம், குறை சொல்ல மாட்டேன். பழைய ஃபின் கிழிந்ததும் என்னிடம்தான் வந்தான். "மாமா, எனக்கு இன்னா சைஸ், இன்னா மாதிரி எடுக்கறது, நீயே பார்த்துச் சொல்லு" என்றான். சென்னைக்கு நானே கூடப் போனேன். பத்தாம் நம்பர், பின்பட்டை இல்லாதது, முன்தட்டும் வளைந்து கொடுக்கிற மெத்து ரகம். முழங்கால் நோகாதுடா என்றேன். பொய் இல்லை, நோகாது. பூட்ஸ் எடுத்துப் பார்த்தவனிடம் அது வேண்டாத சுமை என்றேன். வருகிற வழியெல்லாம் அந்தப் பையை மடியிலேயே வைத்திருந்தான்.

முகத்துவாரத்தில் ஒருநாள் ஃபின் கழலும், வெறுங்கையோடு மேலே வருவான், ஊர் சிரிக்கும், என்னைக் கூப்பிடும். என் எண்ணம் அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை காலை ஆதிநாராயணனின் படகு அங்கே கவிழ்ந்தது. ஏரித் தண்ணீர் கடலுக்கு வடிகிற நேரம். எஞ்சினை எடுக்கப் போன சிவசங்கர் வேறு படகிலிருந்தே எனக்குப் போன் போட்டான்.

"தண்ணி இழுக்குது மாமா. நின்னப்புறம் எறங்கட்டா?"

"புது ஃபின் போட்டுக்கினு இன்னாடா பயம்? எறங்கு" என்றேன்.

பத்து நிமிஷத்தில் ஒரு ஃபின் மட்டும் மிதந்து போனதாம். ஆதிநாராயணன் மணலில் ஓடி வந்து என் கையைப் பிடித்தார். "சிங்காரம், நீதாம்பா காப்பாத்தணும்" என்றார். எவ்வளவு நாளாச்சு, அப்படி ஒரு குரல் கேட்டு.

இறங்கினேன். கலங்கல் தண்ணீர், தடவித்தான் போகணும். பதினைந்து அடி ஆழத்தில், பாறைமேல் ஒரு அறுந்த வலை. இழுப்பு அவனை அதில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. முதுகுப் பக்கம் சிலிண்டர் திருகில் வலை சிக்கியிருந்தது, அவனுக்குக் கை எட்டாத இடம். மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். மேலே ஒரே நுரை, குமிழி எவனுக்குத் தெரியும்? காற்றளவு முள்ளைக் கண்ணருகே வைத்துப் பார்த்தேன். கால்வாசி இருந்தது. என் மணிக்கட்டைப் பிடித்து இரண்டு தட்டு தட்டினான். சிக்கிக்கொண்டேன் என்பதற்கு நாங்கள் வைத்திருந்த அடையாளம்.

இடுப்பில் கத்தி இருந்தது. இரண்டு நிமிஷ வேலை. ஆனால் கரையேறினால் அவன் முதலில் பேசப்போவது ஃபின் பற்றித்தான், இல்லையா. அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன்.

மேலே வந்து, "இங்க இல்ல, தெக்கே இழுத்துக்கினு போயிருக்கும்" என்றேன். எல்லாப் படகும் தெற்கே போயின. ஒரு டீ குடித்தேன். முக்கால் மணி நேரம் கழித்து, எதற்கும் இன்னொரு தரம் பார்க்கிறேன் என்று அதே இடத்தில் இறங்கினேன்.

உடலை ஒரு கீறல் இல்லாமல் கொண்டுவந்து ருக்குவிடம் கொடுத்தேன் மேடம். என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். கடலோடு போகவிடாமல் மீட்டுத் தந்தாயே என்றாள். என்னை உள்ளே வைப்பது உங்கள் வேலை, நான் தடுக்கவில்லை. ஆனால் நாளைக்கே அங்கே ஒரு உயிர் மாட்டினால், என்னை விட்டால் இறங்கிக் காப்பாற்ற யார் இருக்கிறார்கள் என்பதையும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.