கோழிக்குப் போட்ட முத்து

"ஏலே இனிகோ, செல் லைட்டை அணை. சிரிக்கதுன்னா அப்புறம் சிரி," என்றாள் சுஜிதா. கரண்ட் போன மொட்டைமாடியில் எல்லோரும் நெருங்கி உட்கார்ந்தார்கள். அவளுடைய சித்தி மெட்டில்டாவுக்கு நடந்தது இது.

அந்தி மங்கும் நேரம்... உப்பளங்களுக்கு நடுவே ஒற்றைத் தடம். ஆள் அரவம் இல்லை. கால் கட்டிய பெட்டைக்கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு மெட்டில்டா வேகமாக நடந்தாள். கோழியின் நெஞ்சு அவள் விலாவில் படபடவென்று அடித்தது.

மறுநாள் மகள் ஜெமிக்குக் கல்யாணம். மாமியாரின் முத்துக் கம்மலைப் போட்டு அனுப்புவதாகச் சம்பந்தி வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தாள். மாமியாரோ, 'என் முத்து என்கூடக் குழிக்கு வரணும்' என்று சொல்லிவிட்டுத்தான் போன வருஷம் கண்ணை மூடினாள். சவப்பெட்டிக்குள் குனிந்து முத்தம் கொடுப்பதுபோல, இடது காதில் கிடந்ததை மெட்டில்டா கழற்றிவிட்டாள். வலது காது ஊதிப்போயிருந்தது... கொக்கி சதைக்குள் புதைந்து வரவில்லை. அதற்குள் மூடியை அறைந்துவிட்டார்கள்.

மிஞ்சிய ஒற்றை முத்தும் இப்போது செத்த மீனின் கண்போல வெளுத்துக் கிடந்தது.

"ஏளா, முத்துக்கு உடம்புச் சூடுதான் உசிரு. போட்டவ செத்தா அதுவும் செத்துரும்," என்று அன்று காலையில் சொல்லியிருந்தாள் பக்கத்துவீட்டு அந்தோணியம்மாள். "கோழிக்குப் போட்டு, கொஞ்ச நேரத்துல அறு. உசிரு வந்துரும். ஜோடிக்குக் கடையில ஒண்ணு வாங்கிக்கோ. எவளுக்குத் தெரியப்போவுது?"

வீட்டுக்கு வந்ததும் முத்தைக் கொக்கியிலிருந்து எடுத்துச் சோற்றுருண்டைக்குள் வைத்தாள். கொக்... ஒரே விழுங்கு. பிறகு அறுத்தாள்.

இரைப்பையைக் கீறியதும் எழுந்ததே ஒரு வாடை... கோழிக்குடல் வாடை அல்ல. கரையில் குவித்து அழுகவிட்ட சிப்பியின் வாடை. பல்லைக் கடித்துக்கொண்டு விரலை விட்டாள். வழவழப்பு... மணல்... முத்து. பால்போல ஒளிர்ந்தது. விரலில் இன்னொன்றும் இடறியது.

இரண்டாவது முத்து. தங்கக் கொக்கியோடு. கொக்கியில் கோத்தபடியே, ஊதி வெளுத்த ஒரு துண்டுக் காதுச்சதை.

வாந்தியெடுத்தாள். ஆனால் மூடிய கை திறக்கவில்லை. 'ஜோடி சேர்ந்துவிட்டது' என்று உள்ளே எதுவோ சந்தோஷப்பட்டது. அந்தச் சந்தோஷம்தான் அவளுக்கு வாந்தியைவிட அருவருப்பாக இருந்தது. இருந்தும் சதையைப் பிய்த்துப் பூனைக்கு எறிந்தாள். முகர்ந்த பூனை பின்வாங்கி ஓடியது. முத்துகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, முதல் முத்தை அதன் கொக்கியில் திரும்பப் பொருத்தினாள்.

"அசல் ஆணிமுத்துல்லா!" என்றாள் சம்பந்தியம்மா, மறுநாள் கோயிலில் ஜெமியின் காதைப் பார்த்து. மெட்டில்டா சிரித்தாள். விரல்களை மூக்கருகே கொண்டுபோகவில்லை.

விருந்து முடிந்ததும் ஜெமி வந்து தலையைச் சாய்த்தாள்.

"அம்மா, வலது காதுல உள்ளது மட்டும் கழற மாட்டேங்கு. பாருங்களேன்."

மெட்டில்டா தொட்டாள். முத்து வெதுவெதுவென்று இருந்தது. காதுதான்... ஐஸ் பெட்டியில் கிடந்த மீன்போல ஊதிச் சில்லிட்டிருந்தது.