மெத்தை கட்டுகிறவர் செய்த காற்று வண்டி

மேலே எழுதப்பட்ட பெயரும் முகவரியும் என்னுடையவை. வயது நாற்பத்தொன்று. சோபாக்களுக்கு மெத்தை கட்டும் வேலை. மனைவி, எட்டு வயது மகளுடன் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். குடோனைத் திறந்து, காற்றடிக்கும் புளோயர் மெஷினைத் திருடப் பார்த்ததாக அதன் முதலாளி கொடுத்த புகாரின் பேரில் என்னை விசாரித்ததில் நான் சொல்வதாவது:

மேற்படி குடோனில் ஸ்டோர் கீப்பராக இருப்பவன் என் மனைவியின் தம்பி. எங்கள் கல்யாணத்தில் அரை டிராயர் போட்டிருந்தவன். முதலாளி வீட்டு சோபாவெல்லாம் என் கை பட்டவை என்பதால், அந்த வேலைக்கு அவனைச் சிபாரிசு செய்தவனே நான்தான்.

தரையில் காற்றால் மிதந்து போகும் வண்டி ஒன்றை என் மகள் டிவியில் பார்த்துவிட்டு, அதே மாதிரி செய்து தரச் சொல்லி நச்சரித்தாள். நான் பிளைவுட் பலகையை வட்டமாக அறுத்து, அடியில் கனமான பிளாஸ்டிக் ஷீட்டை வைத்துச் சுற்றிலும் ஸ்டேப்ளர் பின் அடித்து, நடுவில் ஒரு டப்பா மூடியை வைத்து ஸ்குரூ முடுக்கி, மூடியைச் சுற்றி ஷீட்டில் ஓட்டைகள் போட்டு, பலகையில் புளோயரின் வாய் நுழைகிற அளவுக்கு ஒரு துளையும் போட்டேன். அதன் பிறகு புளோயர் கிடைக்காமல் வண்டி மூலையில் கிடந்தது. மைத்துனன் வந்து பார்த்துவிட்டு, "இதுக்கா மச்சான் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க? எங்க குடோன்ல புளோயர் சும்மாத்தான் கெடக்கு. தரையும் வழவழன்னு இருக்கும். லீவு நாள்ல தூக்கிட்டு வாங்க, முதலாளிகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றான். நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் போனபோது ஷட்டரைத் திறந்தவன் அவன். புளோயரை எடுத்து வந்து துளையில் செருகி டேப் சுற்றியவனும் அவனே. மகள் ஏறி உட்கார, அவன் சுவிட்சைப் போட, வண்டி அசையவில்லை. தவறு என்னுடையது. சுருக்கம் விழாமல் இழுத்துக் கட்டிப் பழகிய கை, ஷீட்டையும் சோபா மெத்தை போலவே விறைப்பாகக் கட்டிவிட்டது. காற்று நிறைந்து உப்புவதற்கு அதில் தொய்வே இல்லை. மைத்துனன் விழுந்து விழுந்து சிரித்து, "விருந்தாளி உக்கார்ற சோபான்னு நெனச்சீங்களா மச்சான்?" என்றான். அதன் பிறகு பின்களையெல்லாம் பிடுங்கி, ஷீட்டைத் தொளதொளவென்று விட்டு, மறுபடி அடித்து முடிப்பதற்குள் மதியமாகிவிட்டது. முதல் தடவையே ஓடியிருந்தால் முதலாளி வருவதற்குள் வீட்டுக்குப் போயிருப்போம்.

இரண்டாவது தடவை வண்டி எழும்பியது. நான் ஒரு விரலால் தள்ளினாலே மகள் குடோனின் அந்தக் கோடிக்குப் போனாள். அவள் கத்திய சத்தத்தில் வெளியே முதலாளியின் கார் வந்து நின்றதுகூட எனக்குக் கேட்கவில்லை. மைத்துனன் முகம் வெளிறி, சுவிட்சை அணைத்து, குனிந்து மகள் காதில் ஏதோ சொன்னான். அதன் பிறகு முதலாளியிடம், "அக்கா வீட்டுல சாவிய மறந்து வச்சிட்டேங்க. மச்சான் எடுத்துட்டு வந்து தொறந்துட்டாரு. விஷயம் தெரிஞ்சு இப்பதான் ஓடி வந்தேன்" என்றான். நான் மறுப்பதற்குள் முதலாளி என் மகளைப் பார்த்து, "யாரும்மா கதவத் தொறந்தது?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்க்காமல், "அப்பாதான்" என்றாள்.

வீட்டில் என் மனைவி, "என் தம்பிய விடுங்க. கொழந்த பொய் சொல்லுமா?" என்று கேட்டாள். அதன் பிறகு மகளைத் தனியே கூப்பிட்டு, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "அப்படிச் சொன்னாதான் அப்பாவ விட்டுடுவாங்கன்னு மாமா சொன்னாரு. நான் சரியாத்தானே சொன்னேன்?" என்றாள். சரியாகத்தான் சொன்னாய் என்றேன்.

திருடும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை. கூடவே இருந்து குழி பறித்தவன் என் மைத்துனன். வயிறு எரிந்துதான் இதைச் சொல்கிறேன். மகளையும் விசாரிக்கப் போவதாக இன்ஸ்பெக்டர் தெரிவித்தார். விசாரித்தால் அவள் அதையேதான் திரும்பச் சொல்வாள், என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொல்வாள். அந்தச் சொல்தான் என்னை உள்ளே தள்ளப் போகிறது என்று யாரும் அவளிடம் சொல்ல வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் பொய் ஏதும் இல்லை.

(கையொப்பம்)